சங்குத் தலையும் சக்கரமும்: இணைய ஏலத்தில் முதல் அடி வைப்பவர்களுக்கு

களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை, அந்தப் பக்கம் செங்கோட்டையிலும், பழைய வீட்டைப் பிரித்துக் கட்டும்போது ஏதாவது ஒன்று கிடைக்கத்தான் செய்கிறது. துணியில் முடிந்த சக்கரக் காசு, சங்கு பொறித்த முத்திரைத்தாள், பழுப்பேறிய அஞ்சல் உறை, சில வீடுகளில் சக்கரம் எண்ணும் பலகை. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு முந்தைய தலைமுறைகளின் கையில் புழங்கியவை திருவிதாங்கூர் அரசின் காசும் அஞ்சலும்தான். அவற்றைத் தேடி வாங்குபவர்கள் இன்று நாடெங்கும் இருக்கிறார்கள். மார்த்தாண்டத்தில் உட்கார்ந்தபடியே மும்பைக்காரரிடம் விற்கலாம், பெங்களூருக்காரரோடு போட்டி போட்டு வாங்கலாம்.

இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: விலையில். ஒருவர் இணையத்தில் ஒரு காசுக்கு 50,000 ரூபாய் என்று எழுதி வைத்திருப்பார். அது அவருடைய ஆசை, அவ்வளவுதான். அதே காசு, அதே நிலையில், முடிந்த ஓர் ஏலத்தில் யாரோ ஒருவர் பணம் கட்டி எடுத்துப் போன தொகைதான் விலை. இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால் கீழே வரும் மற்ற எல்லாம் எளிதாகிவிடும்.

கையில் இருப்பது என்ன?

விற்பதோ வாங்குவதோ, முதலில் பொருளை அடையாளம் காண வேண்டும். திருவிதாங்கூர்க் கணக்கு இப்படி: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு மட்டும் இருபத்தெட்டரைச் சக்கரம். காசில் ஆண்டு இருந்தால் அது பெரும்பாலும் கொல்லம் ஆண்டாக இருக்கும். அதனோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஆவணி தொடங்கி மார்கழி பாதி வரையுள்ள மாதங்களுக்கு 824 கூட்ட வேண்டும். 1116 என்று இருந்தால் 1940–41 என்று எழுதுவதே சரி. '1116' என்பதைக் கிறிஸ்து ஆண்டு என்று நினைத்துத் 'தொள்ளாயிரம் ஆண்டுப் பழமை' என்று விளம்பரம் செய்பவர்களை நான் இன்னமும் பார்க்கிறேன். விவரம் தெரிந்தவர் அந்த வரியைப் படித்ததும் அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்.

வெள்ளிச் சக்கரத்தை முதன்முறை பார்ப்பவர்கள் இது காசுதானா என்று கேட்பார்கள். மிளகைத் தட்டிப் பரத்தினாற்போல இருக்கும். எடை அரை கிராமுக்கும் குறைவு. விரலில் எடுத்தால் நழுவும், நகக்கண்ணில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அந்தக் காலத்தில் எண்ணுவதற்கென்றே குழிக்குழியாகத் துளைத்த மரப் பலகை வைத்திருந்தார்கள். காசைக் கொட்டிப் பலகையை மெல்ல ஆட்டினால் குழிக்கொன்றாகப் போய் உட்காரும், மிச்சத்தைத் தள்ளிவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. பலகை உங்களிடம் இருந்தால் அதைச் சாதாரண மரச்சாமானாக எண்ணிப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். காசைவிட அதற்கு ஆர்வலர் அதிகம் வருவதும் உண்டு.

அஞ்சல் தலைகளில் 1888-இல் வெளியான சங்கு வடிவம்தான் தொடக்கம். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அதே சங்கு பல நிறங்களிலும் பல மதிப்புகளிலும் அச்சாகிக்கொண்டே இருந்தது. எனவே சங்கைப் பார்த்ததும் 1888 என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தாள், நிறம், ஓரத் துளைகளின் எண்ணிக்கை, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி எல்லாவற்றையும் பார்த்துத்தான் எந்த ஆண்டுத் தலை என்று சொல்ல முடியும். அரசு அலுவலகங்களுக்கென்று 'ஆன் எஸ் எஸ்' என்று மேலே அச்சடித்த தலைகள் தனி வகை. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானபோது, சக்கரக் கணக்கில் இருந்த தலைகளின் மேல் அணாக் கணக்கை அச்சடித்து விட்டார்கள். அவசரமாகச் செய்த வேலை என்பதால் தலைகீழாக விழுந்தவை, எழுத்து விட்டுப்போனவை என்று பிழைகள் ஏராளம். சேகரிப்பவர்கள் பூதக்கண்ணாடியோடு தேடுவது அந்தப் பிழைகளைத்தான்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நெருக்கமான தொகுப்பு ஒன்றும் உண்டு. 1939-இல் திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாளின் பிறந்தநாளுக்காக வெளியான தலைகளில் கன்னியாகுமரியும் பேச்சிப்பாறை அணையும் படமாக வந்திருக்கின்றன. சேகரிக்கத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல முதல் இலக்கு எனக்குத் தோன்றவில்லை.

தனித் தலையைக் காட்டிலும் உறையோடு இருக்கும் தலை மேல். பழைய உறை கிடைத்தால் தலையை வெட்டியோ தண்ணீரில் ஊறவைத்தோ பிரித்தெடுக்காதீர்கள். நாகர்கோவில், தக்கலை, குளச்சல், குழித்துறை, செங்கோட்டை என்று அந்தந்த அஞ்சல் ஆபீசின் முத்திரை தெளிவாக விழுந்திருந்தால் அந்த முத்திரைக்காகவே வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 1951-இல் திருவிதாங்கூர்–கொச்சி அஞ்சல் இந்தியத் தபாலோடு கலந்துவிட்டது. மணி கட்டிய கோலோடு ஓடிய அஞ்சலோட்டக்காரனும் அஞ்சல் பிள்ளையும் விட்டுச்சென்ற ஒரே எழுத்துச் சான்று பல கிராமங்களுக்கு அந்த வட்ட முத்திரைதான். அதைக் கத்தரிக்கோலால் வெட்டியெறிவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை.

நல்ல பொருளைக் கண்ணால் பார்த்துப் பழகினால்தான் போலி கண்ணில் படும். நெடுமங்காட்டுக் கோயிக்கல் அரண்மனையில் கேரளத் தொல்லியல் துறையின் நாணயக் காட்சியகம் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் நாணயப் பிரிவு உண்டு.

விலையை எங்கே பார்ப்பது?

ஈபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்ட வசதி இருக்கிறது. அதைத் தட்டாமல் விலை பார்ப்பதில் பயனில்லை. மும்பையின் டோடிவாலா, அகமதாபாத்தின் கிளாசிகல் நியூமிஸ்மாட்டிக் கேலரி, பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் தங்கள் ஏலங்களின் பட்டியலைப் படத்தோடு வெளியிடுகின்றன. உறைகளுக்கும் தலைகளுக்கும் டெல்காம்ப் தளம் உதவும். ஆங்கிலத்தில் தேடும்போது 'டிராவன்கூர்' என்று தேட வேண்டும். சக்கரத்தை ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள், எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். எழுத்துப் பிழையோடு பட்டியலிட்ட பொருளைப் பலர் தேடலில் காண்பதே இல்லை. அங்கே போட்டி குறைவு, விலையும் குறைவு.

ஒரே ஒரு விற்பனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்தாறு ஏலங்களின் முடிவைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: தேதி, பொருளின் நிலை, முடிந்த தொகை. இருவர் வீம்புக்கு மோதிக்கொண்டதில் ஒருநாள் ஏறிப்போன தொகையும், யாரும் கவனிக்காமல் மலிவாகப் போன தொகையும் நடுவில் இருக்கும். அவற்றை விலக்கிவிட்டால் மிஞ்சுவதுதான் நீங்கள் நம்பக்கூடிய எல்லை.

நிலையைச் சொல்ல இந்தத் தொழிலில் ஆங்கிலச் சுருக்கங்கள் உண்டு. தேய்ந்தும் எழுத்துத் தெரிகிற காசு 'ஃபைன்'. அதைவிட நன்றாக இருந்தால் 'வி.எஃப்.', அதற்கும் மேலே 'எக்ஸ்.எஃப்.', புழங்காமல் புத்தம் புதிதாக இருந்தால் 'யு.என்.சி.'. 'ஃபைன்' என்றால் அருமை என்று பொருள் கொள்ளாதீர்கள். காசு உலகில் அது நடுத்தரத்துக்கும் சற்றுக் கீழே. ஒரு படி ஏறினால் விலை பல மடங்காகக்கூடும். அஞ்சல் தலைக்குப் பின்பக்கக் கோந்து, ஒட்டுத்தாள் தடம், மடிப்பு, ஓரப் பல் ஒடிந்திருப்பது இவையெல்லாம் கணக்கில் வரும்.

எதையும் தேய்க்காதீர்கள். புளி போட்டு விளக்கிய செம்புக் காசும் விபூதி போட்டுப் பளபளப்பாக்கிய வெள்ளியும் வீட்டு அலமாரிக்கு அழகாக இருக்கலாம். வாங்குபவர் தேடுவது காலம் ஏற்றிய அந்தக் கருமையை. ஒருமுறை தேய்த்துவிட்டால் அது திரும்பி வராது, பாதி விலைகூடக் கிடைக்காமல் போகலாம்.

முதலில் வாங்கிப் பழகுங்கள்

விற்பனையில் இறங்குவதற்கு முன் சிறிய தொகைக்குச் சில பொருட்கள் வாங்குங்கள் என்பதுதான் என் உறுதியான யோசனை. வாங்குபவர் எதைப் பார்க்கிறார், எந்தப் படத்தில் நின்று யோசிக்கிறார், எந்த விவரம் இல்லாததால் விலகிப் போகிறார் என்பது வாங்கும்போதுதான் புரியும். முத்திரை விழுந்த சாதாரணச் சங்குத் தலைகள், சித்திரைத் திருநாள் காலத்துச் செம்புக் காசுகள் இரண்டும் எளிதில் கிடைப்பவை, கைக்கு அடக்கமானவை.

பெரிய தளங்களில் ஏலம் கேட்கும் முறை கோயில் ஏலத்தைப் போன்றதல்ல. நீங்கள் தரத் தயாராக இருக்கும் உச்சத் தொகையை ஒரே தடவையில் பதிவு செய்துவிடலாம். தளம் உங்கள் சார்பில் தேவையான அளவு மட்டும் படிப்படியாக ஏற்றிக் கேட்கும். உதாரணமாக, ஒரு காசு 400 ரூபாயில் நிற்கிறது. உங்கள் உச்சம் 1,500. எதிரில் இருப்பவரின் உச்சம் 900. ஒரு படி 50 ரூபாய் என்றால் 950-க்கே பொருள் உங்களுடையதாகிவிடும், 1,500 கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே, நிதானமாக ஒரு தொகையைத் தீர்மானித்துப் போட்டுவிட்டு எழுந்து போவதே நல்லது. பத்துப் பத்தாக ஏற்றிக் கேட்டுக்கொண்டு திரையையே பார்த்திருப்பவர்களுக்குத்தான் சூடு ஏறி, நினைத்ததைவிட இரண்டு மடங்கு கேட்டுவிடும் நிலை வருகிறது.

கடைசிச் சில நொடிகளில் வந்து கேட்பவர்கள் இருப்பார்கள். அது விதிமீறல் இல்லை. உங்கள் உச்சம் அவர்களுடையதைவிட அதிகமாக இருந்தால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, குறைவாக இருந்தால் அந்தப் பொருள் உங்கள் கணக்குக்கு மீறிப் போய்விட்டது என்று விட்டுவிடுங்கள். வாட்ஸ்ஆப் குழு ஏலங்களில், முடியும் நேரத்துக்குச் சற்று முன் கேள்வி விழுந்தால் சில நிமிடம் நீட்டிக்கும் விதி பல இடங்களில் உண்டு. சேரும் முன் விதிகளைப் படியுங்கள். குழுவில் கேட்டுவிட்டுப் பணம் கட்டாமல் நழுவினால் அடுத்த குழுவிலும் உங்கள் பெயர் போய்ச் சேர்ந்துவிடும். இந்த வட்டம் மிகவும் சிறியது.

ஏல நிறுவனங்களில் வாங்கும்போது ஏலம் முடிந்த தொகையோடு நிறுவனத்தின் கட்டணம், அதன் மேல் வரி, அனுப்பும் செலவு எல்லாம் சேரும். 2,000 ரூபாய்க்கு முடிந்த காசு வீட்டு வாசலுக்கு வரும்போது 2,600 ஆகியிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் சுங்க வரியும் விழக்கூடும். இதையெல்லாம் கழித்துப் பார்த்து, மிஞ்சுவதை உச்சத் தொகையாக வையுங்கள்.

விற்பவரைப் பற்றியும் விசாரியுங்கள். எத்தனை நட்சத்திரம் என்பதைவிட, குறை சொன்னவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைப் படிப்பது பயன் தரும். துணியும் கைப்பேசி உறையும் விற்றுப் பெற்ற நல்ல பெயரைக் காசு விஷயத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே விற்பனையாளரின் பொருட்களை மட்டும் ஒரே ஆள் திரும்பத் திரும்ப ஏற்றிக் கேட்டு, ஒருமுறையும் எடுக்காமல் விடுகிறார் என்றால், அது ஆள் வைத்துக் கேட்பதாக இருக்கக்கூடும். அங்கே நிற்காதீர்கள்.

போலி, புரளி, வலை

வீரராயன் பணம் என்னும் சின்னத் தங்கக் காசுக்குப் புதிதாக அடித்த போலிகள் நிறைய. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'வி.ஓ.சி.' செம்புக் காசுக்கும் அப்படியே. குளச்சல் போர் நடந்த கடற்கரை நமக்குப் பக்கத்தில் இருப்பதால், '1741 போரில் கிடைத்தது' என்று கதை கட்டி விற்பவர்கள் உண்டு. கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள், காசுக்கு மட்டும் கொடுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். எடை, விட்டம், ஓரம் மூன்றையும் நூல்களில் உள்ள அளவோடு ஒப்பிட்டாலே பாதிப் போலி அகப்படும். வார்ப்பில் செய்ததென்றால் பரப்பில் ஊசி முனை அளவுக் குழிகளும் ஓரத்தில் இணைப்புக் கோடும் பூதக்கண்ணாடியில் தெரியும். அடித்த காசில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும்.

1818 என்று ஆண்டு போட்டு, ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் மறுபக்கம் ராமர் அல்லது அனுமார் உருவமும் கொண்ட காசு ஒன்று ஊர் ஊராகச் சுற்றுகிறது. அப்படி ஒரு நாணயத்தைக் கம்பெனி வெளியிடவே இல்லை. அரிசியை இழுக்கும், காந்த சக்தி உண்டு, இரிடியம் கலந்தது, வெளிநாட்டு ஆய்வகம் கோடிக் கணக்கில் வாங்கும் என்று சொல்லி எல்லையின் இரண்டு பக்கமும் 'ரைஸ் புல்லிங்' கும்பல்கள் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைத் துடைத்திருக்கின்றன. கலசம், செம்பு, காசு என்று பொருள் மாறும், பேச்சு மாறாது. அரிசியை இழுக்கும் காசு உலகத்தில் இல்லை.

வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த 5 ரூபாய், 10 ரூபாய் நாணயங்களுக்கு லட்சக்கணக்கில் கொடுப்பதாக வரும் செய்தியும் அதே வகை. அவை 2012-இல் வெளியாகிப் புழக்கத்துக்கு வந்தவை. டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய்த் தாள், 786 என்று முடியும் தாள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 786-க்கும் வரிசை எண்களுக்கும் ஆசைப்பட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள், லட்சத்துக்கு அல்ல. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய காசு, தாள்களை வாங்கித் தருவதாகக் கட்டணமும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியிட்டது. பொருளை விற்க முன்பணம் கட்டச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

இன்னொரு வலை விற்பவர்களுக்கென்றே விரிக்கப்படுவது. தொலைபேசியில் ஒருவர் மிக மரியாதையாகப் பேசுவார். விலை பேசாமலே ஒத்துக்கொள்வார். பிறகு ஒரு கட்டக் குறியீட்டை (கியூ.ஆர். கோடு) அனுப்பி, "அண்ணாச்சி, இதை ஸ்கேன் செய்து பின் எண்ணை மட்டும் போடுங்கள், பணம் உங்கள் கணக்கில் விழுந்துவிடும்" என்பார். பணம் பெறுவதற்கு, 'பின்' என்னும் அந்த ரகசிய எண் தேவையே இல்லை. பின் எண் கேட்டாலே பணம் உங்களிடமிருந்து போகிறது என்று பொருள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குத் தொகையை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

விற்கக் கூடியதும் கூடாததும்

1972-ஆம் ஆண்டின் பழம்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத நாணயம், சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் எல்லாம் பழம்பொருள். கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டுகளே போதும். பழம்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. அதை விற்பதைத் தொழிலாக நடத்த உரிமம் வேண்டும். சித்திரைத் திருநாள் ஆண்ட 1931 முதல் 1949 வரையான காசுகள் இன்னும் நூறைத் தொடவில்லை. ஸ்ரீமூலம் திருநாளின் காலம் 1924-இல் முடிந்தது, அந்தக் காசுகள் நூறைத் தாண்டிவிட்டன. ஆகவே பழைய பொருளுக்கு வெளிநாட்டிலிருந்து நல்ல விலை வந்தாலும் பார்சல் கட்டிவிடாதீர்கள். வயது பற்றி ஐயம் இருந்தால், இது பழம்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டு வாங்கலாம்.

மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது வேறு கணக்கு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அஸ்திவாரத்தில் குடத்தோடு கிடைத்த காசைப் படம் எடுத்து ஏலத்தில் போடுவது சிக்கலில் கொண்டுபோய் விடும். யானைத் தந்தத்தில் செய்த எதையும், பாட்டனார் காலத்துப் பொருளே ஆனாலும், விற்கவோ வாங்கவோ கூடாது. கோயிலுக்குரிய விக்கிரகமோ விளக்கோ கைமாறி வந்ததென்று சிறிது ஐயம் இருந்தாலும் தொடாதீர்கள்.

சங்கு பொறித்த முத்திரைத்தாள்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவற்றுக்கு நல்ல கிராக்கி இருக்கிறது. ஆனால் அதில் எழுதியிருப்பது உங்கள் நிலத்தின் முன்னாதாரமாக, அதாவது பழைய உரிமைப் பத்திரமாக, இருக்கலாம். பங்காளிகளுக்குள் வழக்கு வரும் நாளில் அந்த ஒற்றைத் தாள்தான் கைகொடுக்கும். எழுத்து மலையாளத்திலோ பழைய தமிழிலோ இருந்து படிக்க முடியவில்லை என்றால், படிக்கத் தெரிந்த ஆதாரம் எழுதுபவர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். வீட்டு மூத்தவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு தாளையும் வெளியே விட வேண்டாம்.

விற்கத் தொடங்கும்போது

படம்தான் விற்கிறது. காலை எட்டு மணிக்கு மேல், நேர் வெயில் விழாத சன்னலோரத்தில், மங்கிய கறுப்புத் துணியின் மேல் காசை வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கைப்பேசியைக் கையில் பிடித்தால் ஆடும், இரண்டு புத்தக அடுக்கின் மேல் வைத்து எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், சற்றுச் சாய்த்து ஓரம், அருகில் மில்லிமீட்டர் அளவுகோலோடு ஒன்று, தராசில் எடை தெரிய ஒன்று. அஞ்சல் தலையென்றால் பின்பக்கப் படம் கட்டாயம். குறையைத் தனியே நெருக்கமாக எடுங்கள்: கீறல், துளை, கிழிசல், பூச்சி அரித்த இடம். குறையைக் காட்டினால் விலை விழும் என்று பலர் பயப்படுகிறார்கள். மறைத்து விற்றால் பொருள் திரும்பி வரும், கெட்ட பெயரும் கூடவே வரும். குறையை முதல் படத்திலேயே காட்டுபவரிடம் வாங்குபவர்கள் தயங்காமல் உயர்த்திக் கேட்கிறார்கள். வேறொருவர் படத்தை எடுத்துப் போடுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

தலைப்பில் அரசு, மதிப்பு, உலோகம், ஆண்டு, நிலை இவை வரிசையாக இருந்தால் போதும். 'அபூர்வம்', 'கிடைக்காதது', 'பொக்கிஷம்' என்ற சொற்கள் தேடுபவருக்கு எதையும் சொல்வதில்லை. உள்ளே விவரத்தில் எடை, விட்டம், எங்கே இருந்தது, யார் வைத்திருந்தார் என்பதை உண்மையாக எழுதுங்கள். 'விளவங்கோடு வட்டத்தில் எங்கள் தாத்தா வீட்டுப் பெட்டியில் இருந்தது, தேய்க்கவில்லை' என்ற ஒரு வரி எவ்வளவோ விளம்பரத்துக்குச் சமம். அது உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவே.

ஆரம்ப விலை வைப்பதில் இரண்டு வழி. பலர் தேடும் பொருளென்றால் மிகக் குறைவாகத் தொடங்குங்கள், கூட்டம் சேரும், கூட்டமே விலையை ஏற்றும். ஒன்றிரண்டு பேர் மட்டும் தேடும் பொருளென்றால், இதற்குக் கீழே தர மாட்டேன் என்ற தொகையிலேயே தொடங்குவது பாதுகாப்பு. நீங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்த முடிந்த விலைகள் இங்கே கைகொடுக்கும். ஏலம் முடியும் நேரத்தை ஞாயிறு மாலை, சாப்பாட்டுக்கு முன் என்று வைத்தால் பார்வை அதிகம். ஓணம், தீபாவளி நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சக்கரம் பத்து இருந்தால் பத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள். சந்தை சிறியது, நீங்களே உங்களுக்குப் போட்டியாகிவிடுவீர்கள். நல்லதைத் தனியாக, தேய்ந்தவற்றைச் சேர்த்து ஒரே லாட்டாக, இடைவெளி விட்டு விற்பது மேல்.

பணம் வங்கிக் கணக்கில் ஏறியதை வங்கிச் செயலியில் பார்த்த பிறகே பொருளை அனுப்புங்கள். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட் எதற்கும் சான்றாகாது. காசைத் தனித்தனி அட்டைச் சட்டத்துக்குள் வைத்து, ஆடாதபடி ஒட்டி, இரண்டு தடித்த அட்டைக்கு நடுவே கட்டுங்கள். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. அஞ்சல் தலையை மெழுகுத் தாள் உறையில் இட்டு அட்டை வையுங்கள், அதன் மேல் மழைக்குத் தாங்கும் பிளாஸ்டிக் உறை. நம் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற நாடு, ஆண்டில் பாதி நாள் காற்றில் ஈரம்தான். கோந்துள்ள தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாழாவதும் அதனால்தான். வீட்டில் வைத்திருக்கும் பெட்டியிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். மென்மையான பி.வி.சி. உறையில் காசை ஆண்டுக்கணக்கில் விட்டால் பச்சைப் பிசுக்கு ஏறிவிடும்.

பல தனியார் கூரியர் நிறுவனங்கள் நாணயத்தையும் பழம்பொருளையும் ஏற்பதில்லை என்று தங்கள் விதியிலேயே எழுதியிருக்கின்றன. தெரியாமல் அனுப்பித் தொலைந்தால் இழப்பீடு கிடைக்காது. தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்டில் காப்பீடு செய்து அனுப்புவதே முறை. கட்டும் முன் பொருளையும், கட்டிய பின் பார்சலையும், ரசீதையும் படம் எடுத்து வாங்கியவருக்கு அனுப்பிவிடுங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் வாங்கும்போதும் அப்படியே செய்யுங்கள்.

பொருள் விவரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று வாங்கியவர் எழுதினால் கோபப்படாமல் படம் கேளுங்கள். அவர் சொல்வது சரியென்றால் பொருளைத் திரும்பப் பெற்று முழுத்தொகையையும் கொடுத்துவிடுங்கள், அனுப்பிய செலவையும் சேர்த்து. திரும்பி வந்த பார்சலைப் பிரிக்கும்போதும் வீடியோ எடுத்து, எடையை முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, அனுப்பிய அதே காசுதானா என்று பார்த்த பிறகே பணத்தை அனுப்புங்கள்.